பையன் வண்டியை இடிச்சுட்டான், இப்ப என்ன பண்றதுங்க? பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கோவையில் 19 வருஷமாக வாகன இன்சூரன்ஸ் முகவராக இருக்கிறேன். ப்ளஸ் டூ முடிந்து பிள்ளைகளுக்கு 18 வயது நிறைகிற சமயத்தில் என் போன் ஓயாது. “அக்கா, பையன் தூண்ல இடிச்சுட்டான்”, “மேடம், பாப்பா பின்னாடி எடுக்கறப்ப பைக்கைத் தட்டிட்டா” என்று ஆரம்பிப்பார்கள். பாதிப் பேர் குரலில் கோபம், பாதிப் பேர் குரலில் நடுக்கம். கேட்கிற சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நான் சொல்லும் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். என் மூத்த மகளும் 18 வயதில் காரை இடித்தவள்தான். அந்தக் கதை கேள்வி 10-ல் இருக்கிறது.

1. பையனுக்கு 17 வயசு, என்னைவிட நல்லா ஓட்டுவான். தெருவுக்குள்ள மட்டும் ஓட்டலாம்லங்க?

கூடாது. தெருவும் பொது இடம்தான். கார் ஓட்ட 18 வயது நிறைய வேண்டும். 16 வயதில் 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் சட்டம் இடம் தருகிறது. இன்று வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் 110, 125 சிசி என்பதால் அந்தச் சலுகை பெரும்பாலும் யாருக்கும் பயன்படுவதில்லை.

2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 199ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. “எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்” என்று சொன்னால் போதாது. தெரியாமல்தான் போனான், தடுக்க வேண்டியதையெல்லாம் செய்தோம் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாவியை ஆணியில் மாட்டிவைத்துவிட்டு அதை நிரூபிப்பது கஷ்டம்.

2. எல்.எல்.ஆர். வந்தாச்சு. இனி தனியா அனுப்பலாமா?

இன்னும் இல்லை. எல்.எல்.ஆர். என்பது பழகுவதற்கான அனுமதி. காரின் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு ‘எல்’ இருக்க வேண்டும். பக்கத்து சீட்டில் அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் உள்ளவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். டூவீலர் என்றால் பின்னால் கற்றுத்தருபவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது. இப்படி முறையாகப் பழகும்போது இடித்தால் இன்சூரன்ஸ் உண்டு. தனியாகப் போய் இடித்தால் சிக்கல்.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழிந்ததும் டெஸ்டுக்குப் போகலாம். போகலாம் என்பதற்காக 31-வது நாளே போக வேண்டியதில்லை. மூன்று நான்கு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்த பிள்ளைகளின் ஃபைல் என் மேஜைக்கு வருவது குறைவு.

3. வண்டியும் இன்சூரன்ஸும் என் பேர்ல. பையன் ஓட்டி இடிச்சா க்ளெய்ம் கிடைக்குமா?

கிடைக்கும். நம் நாட்டில் பாலிசி வண்டியைச் சேர்ந்தது. உங்கள் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் போதும். பையன் பெயரைப் பாலிசியில் எழுத வேண்டியதில்லை.

இரண்டு இடத்தில் பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள். ஒன்று, லைசென்ஸ் எந்த வகைக்கு என்பது. டூவீலருக்கு மட்டும் எடுத்த லைசென்ஸை வைத்துக் காரை ஓட்டினால் க்ளெய்ம் நிற்காது. இன்னொன்று, பாலிசியில் இருக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. அது வண்டி உரிமையாளருக்கு மட்டும்தான். ஸ்டியரிங்கில் இருக்கும் உங்கள் மகனுக்கு அது பொருந்தாது. லைசென்ஸ் வாங்கிய கையோடு பிள்ளை பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

4. எங்க பாலிசி தேர்ட் பார்ட்டி மட்டும்தான். நம்ம கார் அடிபட்டதுக்கு ஏதாவது வருமா?

ஒரு ரூபாய்கூட வராது. அது நீங்கள் அடுத்தவருக்குச் செய்த சேதத்துக்கு மட்டும். புது ஓட்டுநர் வீட்டில் இருக்கும்போது சொந்த சேதமும் சேர்ந்த பாலிசி வைத்துக்கொள்ளுங்கள்.

5. பம்பர்ல கீறல், கதவுல சின்ன சொட்டை. க்ளெய்ம் போடறதா, கைக்காசு போடறதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. சேதத்தை மட்டும் பார்க்காமல் உங்கள் நோ க்ளெய்ம் போனஸ் எவ்வளவு என்றும் பாருங்கள். க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று அது ஏறிக்கொண்டே போகும். ஒரே ஒரு க்ளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். இந்தத் தள்ளுபடி சொந்த சேதப் பிரீமியத்தில் மட்டும்தான், தேர்ட் பார்ட்டிப் பகுதியில் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தள்ளுபடிக்கு முன் சொந்த சேதப் பிரீமியம் 14,000 ரூபாய், இப்போது 45 சதவீதத்தில் இருக்கிறீர்கள், அடுத்த முறை 50 ஆக வேண்டியது. க்ளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் 7,000 போகும். அதற்கடுத்த வருஷம் 50-க்குப் பதில் 20 சதவீதம்தான், அதில் 4,200. பிறகு 3,500, 2,100, 700. பிரீமியம் மாறாது என்று வைத்தால் ஐந்து வருஷத்தில் மொத்தம் 17,500. வண்டி பழசாக ஆகப் பிரீமியம் இறங்கும், இந்தத் தொகையும் கொஞ்சம் குறையும். ஆனால் போனஸ் உங்களுடையது, அதைப் புதுக் காருக்கும் கொண்டுபோகலாம். சீக்கிரம் வண்டி மாற்றப்போகிறவருக்கு இழப்பு இன்னும் பெரிது.

இதோடு ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்கள் கைக்காசாகக் கட்டாயம் போட வேண்டிய தொகை இருக்கிறது. 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு) எடுக்காதவருக்கு 8,000 ரூபாய் பம்பரில் பாதிதான் வரும். ஆகவே டிங்கரிங் பெயிண்டிங் சேர்த்து 10,000 ரூபாய்க்குள் முடிகிற வேலைக்குப் பெரும்பாலும் கைக்காசுதான் லாபம். போனஸே இல்லாத முதல் வருஷக் கார் என்றால் கணக்கு வேறு, தாராளமாகப் போடலாம். போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்கிறீர்களா என்றும் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்.

“நாலு இடத்துல கீறல் இருக்கு, எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துப் போட்டுடுங்க” என்பார்கள். வெவ்வேறு நாளில் பட்ட அடிகள் வெவ்வேறு க்ளெய்ம். பழைய கீறலில் அழுக்கு ஏறியிருக்கும், ஓரத்தில் துரு பிடித்திருக்கும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

6. எப்படியும் மறுபடி இடிப்பான். கீறலை இப்படியே விட்டுடலாமா?

விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டாமல் வழுக்கிப் போனால் மேலே உள்ள கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது, காம்பவுண்ட் போட்டு பாலிஷ் செய்தாலே மறையும். நகம் மாட்டினால் பெயிண்ட் வரை இறங்கிவிட்டது.

பிளாஸ்டிக் பம்பர் துருப்பிடிக்காது. ஆறு மாதம் விட்டுவைக்கலாம், நானும் அதையே சொல்வேன். கதவு, ஃபெண்டர் போன்ற தகரத்தில் வெள்ளித் தகடு தெரிகிற அளவுக்குக் கீறல் இருந்தால் விடாதீர்கள். மழைக்காலம் ஒன்று போனால் பெயிண்டுக்கு அடியில் துரு பரவும். அப்புறம் பட்டி போட்டு மொத்தக் கதவையும் அடிக்க வேண்டிவரும். உடனே பட்டறைக்குப் போக முடியாவிட்டால் வண்டி நிறத்திலேயே கிடைக்கும் டச்அப் பெயிண்டைத் தொட்டு வையுங்கள்.

7. சென்டர் மீடியன்ல ஏறி இறங்கிட்டானாம். வண்டி ஓடுதுன்னு வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்துட்டான். பரவாயில்லீங்களா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவதென்றால் இதைக் காட்டுங்கள்.

வாடிக்கையாளர் ஒருவரின் மகன் ராத்திரி மீடியன் கல்லில் ஏறி இறங்கினான். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அடியில் ஆயில் சம்ப் (என்ஜின் ஆயில் தங்கும் தொட்டி) விரிசல் விட்டு ஆயில் ஒழுகியது அவனுக்குத் தெரியவில்லை. டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்திருக்கிறது. “வீட்டுக்குப் போய் பாத்துக்கலாம்” என்று 6 கிலோமீட்டர் ஓட்டினான். வாசலுக்கு இரண்டு தெரு முன்னால் என்ஜின் இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. மறுநாள் காலை அவன் வந்த வழியில் நடந்துபோய்ப் பார்த்தோம். தார் ரோட்டில் சொட்டுச் சொட்டாகக் கறுப்புக் கோடு, ஸ்பீடு பிரேக்கர் இருந்த இடத்திலெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குத் திட்டு. சம்ப் உடைந்ததுக்குக் காசு வந்தது. என்ஜினுக்கு வரவில்லை. இடித்ததால் நேராக வந்த சேதம் வேறு, அதற்குப் பிறகும் ஓட்டியதால் வந்த சேதம் வேறு. என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இல்லாத பாலிசியில் இரண்டாவதற்கு வழியில்லை.

அதனால் இடித்ததும் ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, இறங்கி அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது சொட்டுகிறதா, முன்பக்கம் அடி என்றால் கூலன்ட் ஒழுகுகிறதா, டயரின் பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி புடைப்பு இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் வண்டியை இழுத்துத்தான் வர வேண்டும். பெரும்பாலான பாலிசிகளில் இழுவை வண்டி உதவி எண் இருக்கிறது. அதை இன்றே பையன் போனில் பதிந்து வையுங்கள்.

8. வேற ஒருத்தர் வண்டியில இடிச்சுட்டான். அவங்க அங்கேயே பத்தாயிரம் குடுன்னு நிக்கறாங்களாம். கொடுத்து முடிச்சுடலாமா?

யாருக்காவது அடிபட்டதா என்பதுதான் முதலில். லேசான அடி என்று தோன்றினாலும் 108-ஐ அழைக்க வேண்டும், காவல் நிலையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். இது ஓட்டியவரின் சட்டக் கடமை. பயந்துபோய் இடத்தைவிட்டு ஓடிவிடக் கூடாது. கூட்டம் கூடி அடிக்க வருகிறது என்றால் நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போகட்டும். ஆள் அடிபட்ட விஷயத்தில் ரொக்கம் கொடுத்து முடிக்கும் பேச்சே வேண்டாம்.

வண்டிக்கு மட்டும் சேதம் என்றால், இரண்டு வண்டியின் நம்பர் பிளேட்டும் அடிபட்ட இடமும் தெரியும்படி நாலு போட்டோ. பிறகு நீங்கள் நேரில் போங்கள், பிள்ளையைத் தனியாகப் பேரம் பேச விடாதீர்கள். பக்கத்துப் பட்டறையில் விலை கேட்டு, நியாயமாக இருந்தால் கொடுத்துவிட்டு, இத்துடன் முடிந்தது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தொகை பெரிது என்றால் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

9. பையன்கிட்ட லைசென்ஸ் இல்ல. நான்தான் ஓட்டினேன்னு எழுதிடலாமாக்கா?

வருஷத்துக்கு நாலைந்து பேராவது குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அந்த க்ளெய்மை நான் எழுதித் தர மாட்டேன்.

பெரிய தொகை என்றால் விசாரணைக்கு ஆள் வரும். சீட் எவ்வளவு முன்னால் தள்ளியிருந்தது, கடைக்காரரின் சிசிடிவியில் யார் இறங்கியது, ஆஸ்பத்திரிச் சீட்டில் யார் பெயர் என்று எல்லாம் பார்ப்பார்கள். பொய் வெளிப்பட்டால் க்ளெய்ம் போவதோடு நிற்காது, மோசடி வழக்காகும். அடுத்தவருக்குக் காயம் என்றால், ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும் நீதிமன்றங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கொடுக்கச் சொல்வதுண்டு. கொடுத்ததை அவர்கள் வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூல் செய்வார்கள். வீட்டை விற்றுக் கட்டியவரை எனக்குத் தெரியும்.

பக்கத்தில் நின்று அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதையும் நினையுங்கள்.

10. ரிப்பேர் காசைப் பிள்ளைகிட்டயே வாங்கணும்னு வீட்டுக்காரர் சொல்றார். சரிங்களா?

ஒரு பகுதி வாங்கலாம் என்பது என் கருத்து. என் மகள் லைசென்ஸ் வாங்கிய மூன்றாவது வாரம், கேட்டுக்குள் வண்டியைத் திருப்பும்போது இடது பின்கதவைத் தூணில் உரசிவிட்டாள். சத்தம் கேட்டதும் நிறுத்தியிருந்தால் ஒரு கையளவு கீறலோடு போயிருக்கும். பதற்றத்தில் அப்படியே முன்னால் எடுத்ததில் கதவு முழுக்க மடிந்தது. அவள் இறங்கவில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்தது.

மறுநாள் பட்டறைக்கு அவளையே கூட்டிப்போனேன். டிங்கர் அண்ணன் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, மடிந்த தகரத்தை எப்படி நிமிர்த்துகிறார், பட்டி எத்தனை தடவை தேய்க்கிறார் என்று ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். “சத்தம் கேட்டா நின்னுடு கண்ணு, நின்ன வண்டி அதுக்கு மேல அடிபடாது” என்று அவர் சொன்னதை இன்றும் சொல்வாள். பில் 7,200. அதில் 1,500 அவள் சேமிப்பிலிருந்து. முழுத்தொகையும் கேட்டிருந்தால் அடுத்த கீறலை மறைத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

11. திட்டாம எப்படிங்க இருக்கறது? ஒரு லட்சம் போச்சே!

திட்டுங்கள், ஆனால் போனில் வேண்டாம், அன்றைக்கும் வேண்டாம். போனில் முதல் வார்த்தை “உனக்கு ஒண்ணும் ஆகலையே?” இரண்டாவது “வேற யாருக்காவது அடியா?” மூன்றாவது “எங்க நிக்கறே, வந்துட்டிருக்கேன்.” மற்றதெல்லாம் வீட்டில்.

இதில் பணக்கணக்கும் இருக்கிறது. அப்பாவுக்குப் பயந்து மூன்று வாரம் மறைத்து, நண்பனின் பட்டறையில் அரைகுறையாகச் சரிசெய்து, பிறகு ரேடியேட்டர் ஒழுகியதும் மாட்டிக்கொண்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். சர்வேயருக்கு முன்னால் கழற்றிய வண்டிக்கு க்ளெய்ம் கேட்பது பெரும்பாடு. இடித்த பிள்ளை முதலில் கூப்பிடுகிற நம்பர் உங்களுடையதாக இருந்தால் கேள்வி 7-ல் சொன்ன என்ஜினும் பிழைக்கும்.

12. இடிச்ச நாள்ல இருந்து பொண்ணு வண்டியையே தொட மாட்டேங்கறா.

வற்புறுத்தாதீர்கள், ரொம்ப நாள் விட்டும் வைக்காதீர்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நீங்கள் ஓட்டி ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். இடித்தது ரிவர்ஸில் என்றால் ரிவர்ஸ் மட்டும், இரண்டு தண்ணீர் கேனைத் தூணாக வைத்து. வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை என்றால் இரட்டை பிரேக் உள்ள டிரைவிங் ஸ்கூல் காரில் நாலு வகுப்பு போடுங்கள். அப்பாவைவிட வெளியாள் சொன்னால் கேட்கிற வயது அது.

13. எப்பத்தான் தனியா விடறது? நைட்ல, ஃப்ரெண்ட்ஸோட?

இந்த வயதில் ஆபத்தைக் கூட்டுவது இரண்டு: இருட்டு, காருக்குள் நண்பர்கள். தனியாக ஒழுங்காக ஓட்டும் பையன் பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுவான். நியூசிலாந்தில் 1987-லேயே இதற்காகப் படிப்படியான லைசென்ஸ் கொண்டுவந்தார்கள். தனியாக ஓட்டத் தொடங்கும் கட்டத்தில் இரவு 10 மணிக்கு மேல் தனியாக ஓட்டக்கூடாது, அனுபவசாலி பக்கத்தில் இல்லாமல் நண்பர்களை ஏற்றக்கூடாது. நம் சட்டத்தில் அப்படி இல்லாததால் வீட்டில்தான் போட வேண்டும்.

எங்கள் வீட்டில் முதல் மூன்று மாதம் பகல், தெரிந்த ரோடு, தனியாக. அடுத்த மூன்று மாதம் ஒரு நண்பர் வரை. இரவு ஆறு மாதத்துக்குப் பிறகு, முதல் பத்துத் தடவை நான் கூடவே. 5 முதல் 29 வயது வரையானவர்கள் உலகில் அதிகம் சாவது சாலை விபத்தில்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த விஷயத்தில் கஞ்சத்தனமான பெற்றோராக இருங்கள்.

14. ஊட்டிக்கு கார் வேணும்னு கேக்கறான். இப்பத்தான் லைசென்ஸ் வாங்கி ஆறு மாசம்.

உங்களோடு ஒரு தடவை மருதமலை ஏறி இறங்கட்டும், பிறகு ஒரு தடவை ஊட்டி. ஏறுவதைவிட இறங்குவதைப் பாருங்கள். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் பிரேக் சூடாகிக் கருகல் வாடை வரும், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்கு, இரண்டாவது கியர் வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்பதை அவன் காலே பழக வேண்டும். அதற்கு முன் நண்பர்களோடு அனுப்ப வேண்டாம்.

15. இடிச்சாலும் பரவாயில்லன்னு ஒரு பழைய காரை வாங்கித் தந்துடலாமா?

பெயிண்டுக்கு நல்லது, பிள்ளைக்கு அவ்வளவு நல்லதில்லை. ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில், முன் சீட் இரண்டுக்கும் கட்டாயமானது 2022 தொடக்கத்தில். அதற்கு முந்தைய கார் என்றால் ஏர்பேக், ஏபிஎஸ் இருக்கும் மாடலா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் ஆர்.சி. மாற்றத்தோடு இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் சொந்த சேதத்துக்குக் காசு வராது.

16. பையன் சாவியை ஃப்ரெண்டுகிட்ட கொடுத்துட்டான். அவன் இடிச்சுட்டான். யார் பொறுப்பு?

நண்பனிடம் காருக்கான லைசென்ஸ் இருந்தால் கேள்வி 3-ல் சொன்னதுதான். இல்லையென்றால் கேள்வி 9-ல் சொன்ன வசூல் உங்கள் வாசலுக்கு வரும், நண்பன் வீட்டுக்குப் போகாது. லைசென்ஸ் இல்லாதவரை ஓட்டவிட்ட உரிமையாளருக்குத் தனியாக 5,000 ரூபாய் அபராதமும் உண்டு. சாவி இரவல் கிடையாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

17. ஒரே வருஷத்துல மூணு தடவை இடிச்சுட்டான். திமிர்தாங்க. சாவியைப் பிடுங்கிடட்டுமா?

பிடுங்குவதற்கு முன் மூன்று அடியும் எங்கே பட்டது என்று வரிசையாகப் பாருங்கள். பின்பக்கம் மட்டும் என்றால் ரிவர்ஸ் பழக வேண்டும். முன்னால் போகும் வண்டியில் முட்டுகிறான் என்றால் இடைவெளி விடுவதில்லை, அல்லது கையில் போன் இருக்கிறது. அப்போது சாவியை வாங்கி வைப்பதுதான் சரி.

பீளமேட்டில் ஒருவர் இதே கேள்வியைக் கொதிப்போடு கேட்டார். மூன்று அடியும் சாயங்காலம் ஆறரைக்கு மேல். மகனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்றேன். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, பையனுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்தவன் எதிர்க் கட்டடத்து போர்டைப் படித்துவிட்டு, “எல்லாருக்கும் இப்படித்தான் தெரியுமாப்பா?” என்று கேட்டானாம். அதைச் சொல்லத்தான் அவர் எனக்கு மறுபடி போன் செய்தார்.